ஒன்றுக்கும் உதவாத குவியல்

தம்பி,

நீ எனக்கு எழுதிய கடிதம் போன கிழமை ஒரு மத்தியானம் வந்தது. பூரணம் அப்போது முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். படலையில் தபாற்காரனின் சைக்கிள் மணி கேட்டதும் விளக்குமாற்றை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டு ஓடினாள். கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறிப் போன புருஷனிடமிருந்து கடிதம் என்றால் எந்தப் பெண்ணும் அப்படித்தான் ஓடுவாள். உறையில் என் பெயர் இருப்பதைக் கண்டதும் அவளுடைய நடை மெதுவாகிவிட்டது. "உங்களுக்குத்தான் மாமா" என்று என் கையில் தந்துவிட்டு, நான் பிரித்து முடிக்கும்வரை விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாய்விட்டு வாசிக்கவில்லை. "என்னவாம் மாமா?" என்று கேட்டாள். "சுகமாம். அங்கை மழையாம்" என்றேன். மழைதானே என்று அவள் திரும்பிப் போய் விளக்குமாற்றை எடுத்தாள்.

நீ எழுதியிருந்தது எனக்கு இப்போது மனப்பாடம். ஐயாவுக்கு வயது போகிறது, கண்பார்வையும் முன்னைப்போல இல்லை, இந்த நேரத்தில் அவரைத் தனியே விட்டுவிட்டு நீ பூரணத்தை மலாயாவுக்குக் கூப்பிட்டால் ஊர் என்ன சொல்லும், ஆகவே அவள் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஊரில் நின்று ஐயாவைப் பார்க்கட்டும், பிறகு யோசிப்போம். நல்ல பிள்ளை நீ. உன் கடிதத்தை மருதனார்மடச் சந்தையில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினால், பெற்றால் இப்படியல்லவோ ஒரு பிள்ளை பெறவேண்டும் என்பார்கள். எனக்குத்தான் அதை வாசிக்க வாசிக்கக் கோபம் ஏறியது. ஏன் என்று சொல்வதற்காகவே இவ்வளவு தாளையும் எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இதைக் கந்தோரில் வைத்து வாசிக்காதே. வீட்டுக்குப் போய், குளித்துச் சாப்பிட்டு, ஆறுதலாக இருந்து வாசி. கிழவன் எங்கெங்கோ சுற்றுகிறான் என்று பாதியில் மடித்து வைத்துவிடவும் வேண்டாம்.

என் வாழ்க்கையில் நான் நன்றாக அறிந்தது ஒரேயொரு இலைதான், புகையிலை. மீசை அரும்பும் வயதில் மாத்தறைக்குப் போய்ச் சுருட்டுக்கடையில் நின்றவன், தலை நரைத்துத்தான் திரும்பி வந்தேன். பதப்படுத்திக் கட்டிய ஒரு புகையிலைப் பாடத்தைக் கையில் தந்தால், முகர்ந்து பார்த்தே அது எந்தப் பக்கத்துத் தோட்டத்தில் விளைந்தது, எந்தத் தண்ணீர் குடித்தது என்று சொல்லிவிடுவேன். அந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஆனால் என் சொந்த வளவில் என்னென்ன மரம் நிற்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், வேம்பு, மா, பனை என்று சொல்லிவிட்டு வாய் மூடியிருப்பேன். தைப்பொங்கலுக்கு ஒருமுறை, நல்லூர்த் திருவிழாவுக்கு ஒருமுறை வந்துபோகிறவனுக்கு மரம் எதற்கு? நிழலிருந்தால் போதும். உன் அம்மா கண்மூடிய பிறகுதான் கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு வந்தேன். அவள் இருக்கும்போது வந்திருக்கலாமே என்று நீ கேட்கமாட்டாய், நீ மரியாதை தெரிந்த பிள்ளை. நானே கேட்டுக்கொண்டாயிற்று.

நீ அப்போது மலாயாவில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம். வீட்டில் நான் ஒருவன். வந்த முதல் மாசியில் மரங்கள் இலையைக் கொட்டத் தொடங்கின. ஒருநாள் பார்த்தேன், இரண்டாம் நாள் பார்த்தேன், மூன்றாம் நாள் கிணற்றடிக்குப் போகிற வழியே தெரியவில்லை. யார் கூட்டுவது? விளக்குமாற்றை எடுத்தேன். நான் கூட்டிய அழகை வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று பக்கத்து வளவுத் தெய்வானை பார்த்திருக்கிறா. "அண்ணை, காத்துக்கு எதிராக் கூட்டினால் நாளைக்கும் நிண்டு கூட்டவேண்டி வரும்" என்று சத்தம் போட்டுச் சொன்னா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கேட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் எனக்குச் சொல்லித்தர வேறு ஆள் இல்லை.

அதே தெய்வானையோடுதான் அந்த ஆடியில் நான் சண்டைக்குப் போனேன். மேற்கு மூலையில் நிற்கிற இலுப்பையின் பாதிக் கொப்பு அவவின் வளவுக்குள் சாய்ந்திருக்கிறது அல்லவா? பழம் விழுகிற காலம் வந்தது. ஒரு காலையில் பார்க்கிறேன், அவ வேலிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து, மண்ணிறமாக மினுங்குகிற கொட்டைகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கடகத்தில் போடுகிறா. என் மரம், என் கொட்டை, பட்டப்பகலில் கொள்ளை என்று எனக்குத் தலை சுற்றியது. வியாபாரி புத்தி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவ எழும்பவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "அண்ணை, மாங்காய் தேங்காய் எண்டால் நீங்கள் கேக்கலாம். இலுப்பங்கொட்டை ஆரின்ரை நிலத்திலை விழுகுதோ அவைக்குத்தான். உது ஆதியிலை இருந்து உள்ள வழக்கம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்று கேட்டா. பிறகு விசாரித்துப் பார்த்தேன், வழக்கம் அதுதான். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கோயிலடியில் இரண்டு கிழமைக்கு என் கதைதான்.

ஆனால் அவ அன்றைக்கு இன்னொன்றும் சொன்னா. அதைத்தான் உனக்கு எழுத வந்தேன். "உங்கடை மனிசி இருக்கேக்கை வேலிக்கு அந்தப் பக்கம் அவ பொறுக்குவ, இந்தப் பக்கம் நான் பொறுக்குவன். ஆடி மாசம் முழுக்க எங்களுக்குக் கதைதான் அண்ணை. கொட்டை முடிஞ்சால் கதையும் முடிஞ்சுது. அவ என்னட்டை ஒருநாளும் சும்மா வந்தது கிடையாது. புருஷன் வெளியூரிலை இருக்கிற பொம்பிளை சும்மா சும்மா வேலியிலை நிண்டு கதைச்சால் ஊர் கதைக்கும் எண்டு அவவுக்குப் பயம்." நான் விறாந்தைக்கு வந்து இருந்தேன். ஆடி மாதம் மட்டும் கதைத்த ஒருத்தியோடு நான் இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாது. ஊர் என்ன சொல்லும் என்று நீ எழுதியதை வாசித்தபோது எனக்கு முதலில் இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது.

பூரணம் இந்த வீட்டுக்கு வந்து, நீயும் கப்பலேறிப் போன பிறகு, எனக்கும் அவளுக்கும் கதைப்பதற்கு என்ன இருக்கிறது சொல்லு? மாமன் மருமகள். சாப்பாடு போட்டால் போதும் என்பேன், இன்னும் கொஞ்சம் என்பாள். அதோடு சரி. ஒருநாள் அவள் கூட்டிய குப்பைக்குள் இருந்து ஒரு காய்ந்த இலையை எடுத்துப் பார்த்து, "மாவிலையும் இப்பிடிக் கொட்டுது" என்று நான் பெரிய மனுஷனாட்டம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாமா, உது மாவிலை இல்லை, இலுப்பை." மட்டுவில் பக்கத்துப் பிள்ளை அல்லவா, சோலைக்குள் பிறந்து வளர்ந்தவள். இரண்டு இலையையும் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். மாவிலையின் காம்பு கொப்பில் ஒட்டுகிற இடத்தில் கொஞ்சம் தடித்திருக்கும், விரலால் தடவினால் ஒரு முடிச்சுப்போலப் படும். இலுப்பைக்கு அது இல்லை. நான் அதுவரை இலையின் காம்பைப் பார்த்ததே கிடையாது. புகையிலையில் காம்பை உரித்து எறிந்துவிடுவோம்.

அன்றிலிருந்து அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. காலையில் அவள் கூட்டுவாள், நான் கதிரையில் இருப்பேன். எதையாவது பொறுக்கிக்கொண்டு வந்து, "சொல்லுங்கோ பாப்பம்" என்று நீட்டுவாள். பூவரசு எனக்கு உடனே பிடிபட்டது, விழுவதற்கு முன் அது மஞ்சளாகிவிடும். வேப்பிலைக்கு ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம், விளிம்பெல்லாம் பல்லு. விளாத்தியைக் கசக்கினால் மூக்கு சொல்லிவிடும். மூக்கு வேலைசெய்கிற இடத்தில் நான் தோற்கவில்லை, அதை மறக்காமல் எழுதிவைக்கிறேன். வாகை நெற்றை அவள் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிவிட்டுக் கண்ணை மூடச் சொல்லிக் கேட்பாள். கிழவனும் குமரியும் குப்பையை வைத்துக்கொண்டு விளையாடுகினம் என்று தெய்வானைக்குச் சிரிப்பு. ஒருநாள் நாவல் இலை ஒன்று வந்தது. எங்கள் வளவிலும் இல்லை, பக்கத்து வளவிலும் இல்லை. "இது எங்கை இருந்து வந்தது?" என்றேன். "சோளகக் காத்து கொண்டுவந்திருக்கும். வாடை அடிச்சால் வேறை இலை வரும்" என்றாள். கொட்டைகளும் அப்படித்தான். அடியில் மரமே இல்லாத இடத்தில் ஒரு கொட்டை கிடந்து, அதில் பல்லுத் தடமும் இருந்தால், இரவு வௌவால் கொண்டுவந்து சாப்பிட்டுவிட்டுப் போட்டது. இந்த வளவுக்கு இத்தனை பேர் வந்துபோவது எனக்கு அதுவரை தெரியாது.

நீ கல்யாணத்துக்கு வந்தபோது உன் பெட்டிக்குள் கிடந்த றப்பர் கொட்டையை எடுத்து அவளிடம் காட்டினாயாம். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிய ஆமணக்கங்கொட்டை" என்றாளாம். நீ சிரித்துவிட்டாயாம். அவள் அதை எனக்குச் சொன்னபோது முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. நான் அந்தக் கொட்டையை வாங்கிப் பார்த்தேன். தோலில் அதே புள்ளி, அதே மினுக்கம், ஆமணக்கின் பெரியண்ணை மாதிரித்தான் இருக்கிறது. காணாத மரத்தின் கொட்டையைக் கண்டதும் தான் அறிந்த மரங்களுக்குள் அதன் இனத்தைத் தேடியிருக்கிறாள். அது சிரிப்பதற்கு உரிய பிழை இல்லை தம்பி. நீ சிரித்திருக்கக் கூடாது.

இந்த மாசியில் நடந்ததுதான் நான் சொல்ல வந்த கதை. இம்முறை கொட்டுகிற இலைக்கு அளவில்லை. வேம்பும் இலுப்பையும் போட்டிபோட்டுக்கொண்டு கொட்டுகின்றன. அவள் விடியக் கூட்டத் தொடங்கினால் வெயில் ஏறும்வரை கூட்டுகிறாள். முதலில் நான் இலை கூடிவிட்டது, அதுதான் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், முற்றத்தில் ஒரு குவியல் இல்லை, பல குவியல்கள். வேப்பிலை தனியே, பூவரசு தனியே, இலுப்பை தனியே, மா தனியே. அவள் கூட்டிச் சேர்த்ததைக் குந்தியிருந்து கையால் பிரித்துப் பிரித்துப் போடுகிறாள். சரி, கெட்டிக்காரி, எல்லாவற்றுக்கும் ஒரு தேவை வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமை. "ஏன் பிள்ளை இப்பிடிப் பிரிக்கிறாய்?" என்று கேட்டேன். "வேப்பிலை நுளம்புக்குப் புகை போட. பூவரசு தோட்டத்திலை பசளையாத் தாக்க. இலுப்பை நல்லா எரியும், அடுப்புக்கு. மாவிலை மாட்டுக்குக் கீழை போட" என்று கடகடவென்று சொன்னாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன். கிணற்றடிப் பக்கம் இன்னொரு குவியல் இருந்தது. சின்னக் குவியல். காற்று கொண்டுவந்த இலைகள், வௌவால் போட்ட கொட்டைகள், முருங்கையின் மஞ்சட் சருகு, எந்த மரம் என்று எனக்குப் பிடிபடாத இரண்டொன்று, அதற்குள்ளும் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது. "இது எதுக்கு?" என்றேன்.

அவள் விளக்குமாற்றின் ஈர்க்கை நிலத்தில் குத்தி நேராக்கினாள். "இது ஒண்டுக்கும் இல்லை மாமா" என்றாள். "சும்மா. பொழுது போகுதில்லை."

அவ்வளவுதான் சொன்னாள், தம்பி. அழவில்லை, உன்னைக் குறை சொல்லவில்லை. போய் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து தந்தாள். நான் அந்தக் கஞ்சியை ஆறவிட்டுக் கிணற்றடிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அந்தக் குவியல்களை நான் முன்பும் கண்டிருக்கிறேன். உனக்கு நாலைந்து வயதிருக்கும். நான் மாத்தறையிலிருந்து ஒரு மாசி மாதம், கடையில் ஏதோ அலுவலால், எதிர்பாராமல் வந்தேன். படலையைத் திறந்தால் முற்றம் நிறையக் குவியல். நீ வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு என்னை எட்டிப் பார்த்தாய். கையில் பூவரசங்காயில் ஈர்க்குக் குத்திச் செய்த பம்பரம். "அம்மா, ஆரோ ஒரு ஆள் வந்து நிக்கிறார்" என்று சத்தம் போட்டாய். அதை நான் இன்றைக்கும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பது உண்டு, அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளை ஆரோ ஒரு ஆள் என்கிறானே என்ற எரிச்சலை யாரில் காட்டுவது? முற்றத்தில் காட்டினேன். "என்ன இது, குப்பையைக் கூட்டி எரிக்கிறதை விட்டிட்டுக் கடை பரப்பி வைச்சிருக்கிறாய்" என்று உன் அம்மாவைப் பேசிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்து நெருப்பு வைத்தேன். "பார், ஒரு நொடியிலை முடிஞ்சுது" என்றேன். உன் அம்மா புகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓம். கெதியாத்தான் முடிஞ்சுது" என்றாள்.

எனக்கு அது பாராட்டாகப் பட்டது. இவ்வளவு காலமும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உன் அம்மா மெலிந்த மனுஷி, சத்தமில்லாத மனுஷி, வேலை தெரிந்த மனுஷி என்றெல்லாம் நான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் தனியாக இருந்தாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை, எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. பிள்ளை இருக்கிறான், வீடு இருக்கிறது, வளவு இருக்கிறது, சொந்தக்காரர் சுற்றிவர இருக்கிறார்கள், பிறகென்ன தனிமை? எங்கள் ஊரில் பாதி வீடு அப்படித்தான். ஆண் கொழும்பில், கண்டியில், மலாயாவில். பெண் வேலிக்குள். அவரவர் வேலையை அவரவர் செய்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். நீயும் என்னைப் பார்த்துத்தான் இதைப் படித்திருக்கிறாய். ஆகவே உன்னை மட்டும் கோபித்து என்ன செய்ய?

ஆனால் ஒன்று சொல்லுகிறேன், கேள். என்னைச் சாட்டி அவளை இங்கே விடாதே. எனக்குக் கண் தெரியும். சோறு ஆக்கவும் தெரியும், மாத்தறையில் கடைக்குப் பின்னால் நான் ஆக்கிய சோற்றைத் தின்று எவரும் சாகவில்லை. எனக்கு அவள் இருப்பது பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. இந்த வீட்டில் அவளுடைய குரல் கேட்பது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று எழுதத் தொடங்கினால் நீ அதையே பிடித்துக்கொண்டு அவளை இங்கே விட்டுவிடுவாய். அதனால் எழுதாமல் விடுகிறேன். குவாட்டர்ஸ் சின்னது, ஒரு அறைதான் என்று எழுதியிருக்கிறாய். ஒரு அறையில் இரண்டு பேர் இருக்கலாம். இங்கே நாலு அறை, ஒவ்வொன்றாய்த் திறந்து கூட்டிவிட்டு மூடுகிறாள்.

அங்கே அவளைக் கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரி என்றும் நினையாதே. நீ காலையில் கந்தோருக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவாய். அவளுக்கு அந்த ஊரில் ஆள் தெரியாது, பாஷை தெரியாது. அதைவிட ஒரு மரமும் தெரியாது. இங்கே எந்த இலை விழுந்தாலும் அது ஆரென்று அவளுக்குத் தெரியும், அங்கே விழுகிற இலை ஒவ்வொன்றும் அந்நியம். வேலை முடிந்து வந்ததும் சங்கத்துக்குச் சீட்டாடப் போகாமல், பின்னேரத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு தெருவோரம் நட. அவள் குனிந்து எதையாவது பொறுக்குவாள். "குப்பையைப் போடு" என்று சொல்லாதே. "இது என்ன மரமாயிருக்கும்?" என்று கேள். அவளுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. நல்லதாய்ப் போயிற்று. அடுத்த நாள் கந்தோரில் மலாய்க்காரப் பியூனிடம் அதைக் காட்டிக் கேட்டு, பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் கொடு. பூவும் சேலையும் கொண்டுபோவது எல்லாரும் செய்வது. ஒரு மரத்தின் பெயரைக் கொண்டுபோய்ப் பார், அவளுடைய முகம் எப்படி ஆகிறது என்று. நான் இதை உன் அம்மாவுக்குச் செய்ததில்லை. செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சிலநேரம் யோசித்துப் பார்ப்பேன், பிறகு எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பேன்.

உன் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. கோபிக்கிறாயோ, கோபி. சண்டிலிப்பாயிலிருந்து ஒரு கிளாக்கர் தன் மனைவி பிள்ளைகளோடு பங்குனியில் கப்பலேறுகிறார். ஈப்போவில் உனக்குக் கொஞ்சம் தள்ளித்தான் அவருக்கும் வேலை. நேரில் போய்க் கதைத்துவிட்டேன். அந்த மனுஷியும் நல்ல மாதிரி, பூரணத்தைத் தன் தங்கச்சியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டா. பூரணத்தின் தகப்பனும் சம்மதம். இந்தக் கடிதம் அவளுக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும். பினாங்குத் துறைமுகத்தில் வந்து நில். பிந்தாதே.

இன்று காலைதான் அவளிடம் சொன்னேன். கையில் விளக்குமாற்றோடு நின்றாள். "போக விருப்பமோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"நான் போனால் உங்களை ஆர் மாமா பாக்கிறது?"

"விருப்பமோ இல்லையோ எண்டுதான் நான் கேட்டனான்."

அவள் குனிந்து கூட்டத் தொடங்கினாள். வழமையாக வெயில் ஏறும்வரை நீளுகிற வேலை, நான் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. வேம்பு, இலுப்பை, மா எல்லாம் ஒரே குவியலாய்க் கிடந்தன. விருப்பமோ இல்லையோ என்று பிறகு நான் கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து, "ஆனாலும் மாமா, உங்களைத் தனிய விட்டிட்டு நான் போகமாட்டன். அவருக்கு அப்பிடியே எழுதிவிடுங்கோ" என்றாள். குரலில் பிடிவாதம் இருந்தது. அவள் சொன்னால் சொன்னதுதான் என்று உனக்கு இன்னும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு கதை கட்டினேன். "தனிய ஆர் இருக்கப் போறது? அச்சுவேலியிலை இருந்து என்ரை அக்கா வாறா. இனி இஞ்சைதான் இருக்கப் போறா. நீ போற கிழமையே வந்திடுவா" என்றேன். அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "உண்மையோ மாமா?" என்றாள். "உனக்கேன் நான் பொய் சொல்லுறன்?" என்றேன். வியாபாரம் செய்து பழகிய முகம், அசையவில்லை.

அக்கா வரப்போவதில்லை. உன் அச்சுவேலி மாமி இப்போது சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறா, அவவைப் பார்க்கவே அங்கே ஒரு ஆள் வேண்டும். நான் அவவைக் கேட்கவும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை. ஆனால் பூரணம் பின்னேரமே கிழக்கு அறையைத் திறந்து கழுவிவிட்டாள். புதுப்பாய் ஒன்று விரித்து, தண்ணீர்ச் செம்பு வைத்து, வாசற்படி உயரம் என்று அதற்குக் கீழே ஒரு பலகையும் போட்டிருக்கிறாள். "உங்கடை அக்காவுக்குப் பல்லு இருக்கோ மாமா? வெத்திலை இடிச்சுக் குடுக்கிற உரல் வேணுமோ?" என்று கேட்டாள். வேணும் என்றேன். எங்கேயோ தேடி எடுத்து, மினுக்கி, பாயின் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். இதை எழுதுகிற நேரத்தில் அந்த அறைக் கதவு திறந்து கிடக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அங்கே வந்த பிறகு அவள் ஒவ்வொரு கடிதத்திலும் அக்காவைச் சுகம் விசாரிப்பாள். அக்கா நல்ல சுகம், நேற்று முருங்கையிலைச் சுண்டல் செய்தா, இரண்டு பேரும் விறாந்தையில் இருந்து பழைய கதை கதைத்தோம் என்று நான் எழுதுவேன். அதை நீங்கள் இரண்டு பேருமாக இருந்து வாசிப்பீர்கள். அப்போது உன் முகத்தை அவளுக்குக் காட்டாதே. "பாத்தீரோ, ஐயாவுக்கு ஆள் இருக்கு" என்று சொல்லு. அவள் நம்புகிற மாதிரிச் சொல்லு.

ஐயா